தோட்டத்துக் கேட்டுக்கு அளவு: மூன்று இடத்தில் மூன்று அளவு வருகிறது, எதைச் சொல்வது?

கிளுவைவேலி:

வணக்கம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் வீடு. வீட்டை ஒட்டி இருபத்தைந்து சென்ட் தோட்டம். நாலு முருங்கை, இரண்டு எலுமிச்சை, மற்றபடி கத்தரி, வெண்டை, கொத்தவரை. மூன்று பக்கம் கிளுவை வேலி. தடத்துப் பக்கம் மட்டும் மூங்கில் படல் இருந்தது, மாமனார் கட்டியது. அடிப்பக்கம் கறையான் அரித்துப்போய் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பழைய கட்டில் சட்டத்தைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடுகளுக்கு அந்தக் கயிறு எப்படி அவிழும் என்று தெரிந்துவிட்டது.

இரும்பு கேட் போடலாம் என்று முடிவு. தூண் இரண்டும் போன வருஷமே கட்டியாகிவிட்டது. செங்கல் தூண், ஐந்தரை அடி உயரம். வெளிப்பக்கமெல்லாம் பூச்சு முடிந்துவிட்டது, ஒன்றையொன்று பார்த்த பக்கம் மட்டும் பூசாமல் செங்கல் தெரிகிறது.

வெல்டிங் பட்டறைத் தம்பி, “சைஸ் மட்டும் போனில் சொல்லுங்கக்கா, அடித்து அனுப்பிவிடுகிறேன்” என்கிறார். வீட்டில் இருந்த தையல் டேப்பால் அளந்தேன். அது ஐந்தடிதான் என்பதால் நடுவில் சாக்பீஸில் கோடு போட்டு இரண்டு தடவை அளந்தேன். கீழே 8 அடி 2 இன்ச், நடுவில் 8 அடி 1 இன்ச், மேலே 7 அடி 11 இன்ச். திரும்பவும் அளந்தால் வேறு மாதிரி வருகிறது.

எதைச் சொல்வது? தினமும் போய்வருவது நானும் என் ஸ்கூட்டியும்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை எரு ஏற்றிக்கொண்டு டாடா ஏஸ் உள்ளே வரவேண்டும். தடம் 11 அடி அகலம். ஒரே கதவாகப் போடுவதா, இரட்டைக் கதவா என்பதும் தெரியவில்லை.

மாடிவீடு:

ரொம்ப யோசிக்காதீர்கள். 8 அடி என்று சொல்லிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: இரும்பு வெயிலுக்கு விரியும். ஒரு இன்ச்சாவது விடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு கேட் சித்திரையில் மாட்டிக்கொள்ளும்.

பட்டறைக்காரன்:

அக்கா, போனில் சைஸ் சொல்லாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் இருபத்தாறு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போனில் கேட்ட அளவுக்கு அடித்த கேட்டில் பாதிக்குப் பாதி திரும்பி வந்திருக்கிறது.

மாடிவீடு நண்பருக்கு ஒரு வார்த்தை. இரும்பு விரியும், உண்மைதான். ஆனால் எட்டடி இரும்பு நாற்பது டிகிரி சூடு கூடினாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் நீளும். அதற்கு ஒரு இன்ச் வேண்டாம். உங்கள் கேட் சித்திரையில் மாட்டுகிறது என்றால் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும், இல்லை தூண் சாய்ந்திருக்கும். சித்திரையில்தான் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தையல் டேப்பைத் தையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் நீளும், தளர்த்தினால் தொய்யும். நடுவில் கோடு போட்டு இரண்டாக அளந்தால் பிழையும் இரண்டு மடங்கு. இரும்பு டேப் வாங்குங்கள், ஐந்து மீட்டர் போதும். அதிலும் ஒரு வழுக்கல் உண்டு: தூணுக்குத் தூண் உள்பக்கமாக அளக்கும்போது டேப் மூலையில் வளைந்து நிற்கும், கண் போன இடத்தில் அளவைப் படிப்போம். நான் செய்வது, ஐந்தடி ரீப்பர் கட்டை இரண்டு எடுத்துக்கொள்வேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் முனை இந்தத் தூணிலும் மற்றதன் முனை அந்தத் தூணிலும் இடிக்கிற வரைக்கும் தள்ளுவேன். இரண்டு கட்டைமேலும் சேர்த்துப் பென்சிலில் ஒரு கோடு. தரையில் வைத்துக் கோட்டைக் கோட்டோடு சேர்த்து நிதானமாக டேப் பிடித்தால் ஒரு நூல்கூடப் பிசகாது. நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒன்று, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மேலே என்றால் தூண் தலையில் அளக்காதீர்கள். கேட் எவ்வளவு உயரம் வரப்போகிறதோ அந்த உயரத்தில் அளங்கள். நாலரை அடி கேட் என்றால் நாலரை அடியில். அதற்கு மேலே தூண் எப்படிப் போனாலும் கேட்டுக்குக் கவலை இல்லை. தரை ஓரம், நடு, கேட்டின் தலை, இந்த மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் அளவு. கூட்டி மூன்றால் வகுத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டுக்குச் சராசரி தெரியாது, இடிக்கிற இடம்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தூண் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்கிற அளவைப் பார்த்தால் தூண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது. பூச்சு பாக்கி இருப்பது நல்லதாகப் போயிற்று. சாய்வைப் பூச்சிலேயே எடுத்துவிடலாம்.

தூண் வேலை முழுசாக முடியாமல் அளவு எடுத்தால் என்ன ஆகும் என்று என் கதையைச் சொல்கிறேன். பட்டறை போட்ட இரண்டாவது வருஷம். ஒரு வீட்டில் பூசின தூணை நானே போய் அளந்தேன், பத்தடி சொச்சம். பூச்சு முடிந்துவிட்டதே என்று தைரியம். கேட்டைப் பவுடர் கோட்டிங் அடித்து ஏற்றிக்கொண்டு போகிறேன், அதற்குள் தூணுக்கு ஓடு கல் ஒட்டிவிட்டார்கள். கல்லும் கலவையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் தின்றுவிட்டது. மறுநாள் கிரகப்பிரவேசம். கேட்டைக் காம்பவுண்டு சுவரில் சாத்தி வைத்தோம், அந்த வீட்டுப் பெரியம்மா அதற்கும் ஒரு மாவிலைத் தோரணம் கட்டினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது. பிறகு அறுத்து, சின்னதாக்கி, மறுபடி வெல்டு அடித்து, கோட்டிங் கருகி, எல்லாம் என் கைக்காசு. அன்றிலிருந்து நான் கேட்கிற முதல் கேள்வி, “தூணுக்கு மேலே இன்னும் என்ன ஒட்டப் போகிறீர்கள்?”

அதனால் வரிசை இதுதான்: முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டு உள்பக்கம் தூக்கு பார்த்துப் பூசச் சொல்லுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் அளவு.

இன்னொன்றும் பார்த்துச் சொல்லுங்கள். கேட் உள்பக்கம்தானே திறக்கும்? உள்ளே தரை மேடா, பள்ளமா?

ஆட்டுப்பட்டி:

அக்கா, ஆடு வளர்க்கிறவன் சொல்கிறேன். அகலத்தை விடுங்கள், கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி என்று பட்டறையில் கேட்டீர்களா? அழகுக்கு நாலு இன்ச், ஐந்து இன்ச் என்று வைத்துவிடுவார்கள். பிறந்து பத்து நாள் ஆன குட்டி நாலு இன்ச்சில் தலையைச் சாய்த்து நுழைத்துவிடும், தலை போனால் உடம்பும் போகும். குட்டி உள்ளே போய்க் கத்தும், தாய் ஆடு வெளியே நின்று முட்டும். கொம்பு முளைத்தது இன்னும் மோசம். தலை உள்ளே போகும், கொம்பு திரும்ப வராது. என் பட்டியில் ஒரு கிடாய் அப்படி மாட்டி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது.

கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு இரண்டு இன்ச் இடைவெளி வருகிற மாதிரி இடைக்கம்பி போடச் சொல்லுங்கள். மேலே நாலு இன்ச் இருந்தால் போதும். குறுக்குச் சட்டத்தை அந்த ஒன்றரை அடியில் ஒன்று, தலையில் ஒன்று என்று மட்டும் வைக்கவேண்டும். நடுவில் இன்னொன்று வைத்தால் வெள்ளாட்டுக்கு ஏணி ஆகிவிடும், முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முருங்கைக் கொப்பை எட்டும்.

கிளுவைவேலி:

எல்லோருக்கும் நன்றி. ரீப்பர் கட்டை இல்லை, துணி காயப்போடுகிற கழி இரண்டை வைத்து அண்ணன் சொன்ன மாதிரியே அளந்தேன். இரும்பு டேப்பும் வாங்கிவிட்டேன்.

தரை ஓரம் 8 அடி 1½ இன்ச். நாலரை அடி உயரத்தில் சரியாக 8 அடி. தூண் தலையில் 7 அடி 11½ இன்ச். தையல் டேப் ஒரு இடத்தில் அரை இன்ச் கூட்டியும் ஒரு இடத்தில் அரை இன்ச் குறைத்தும் காட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் அதை நம்பி எத்தனை ஜாக்கெட் தைத்தேனோ!

மேஸ்திரியிடம் கேட்டேன். தூக்கு பார்த்துப் பூசினால் அடியில் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் கனம் வரும், இரண்டு தடவையாகப் பூசவேண்டும் என்கிறார். ஒரே தடவையில் அப்பினால் கழன்று விழுமாம்.

அண்ணன் கேட்ட மேடு விஷயம்தான் பயமாக இருக்கிறது. உள்ளே எலுமிச்சைப் பாத்திப் பக்கம் மண் மேடு. கேட் கோட்டிலிருந்து ஐந்தடி உள்ளே போனால் ஐந்து இன்ச் ஏறுகிறது. மட்டக்குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்ததால் சரியான அளவுதான். வெளியே திறக்கவிட முடியாது, பள்ளிக்கூட வேன் அந்தத் தடத்தில்தான் போகும்.

நாவற்குழி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். படல் என்று வாசித்ததும் நின்றுவிட்டேன். எங்கட பக்கம் கேட்டுக்குப் படலை என்றுதான் பேர். கிளுவைக் கதியால் (நட்டால் துளிர்க்கிற கொம்பு) வேலியும் அப்படியே எங்கள் வேலிதான். பழைய வீடுகளில் சங்கடப்படலை இருக்கும்: படலைக்கு மேலே சின்னக் கூரை, ஓரத்தில் திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், குடிக்கத் தண்ணீரும் வைப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். தூண் கட்ட வசதியில்லாமல் வேலியில் நிற்கிற உயிர்க்கதியாலிலேயே கீலை அடித்துக் கதவு தொங்கவிடுகிறவர்கள் உண்டு. இதை வாசிக்கிற யாரும் அதைச் செய்யாதீர்கள். மரம் வருஷாவருஷம் பருக்கும், கீலை விழுங்கும், கதவு இறுகிப்போகும். எங்கட பின்வளவுப் படலையை நாலு வருஷத்தில் வாளால் அறுத்துத்தான் எடுத்தோம்.

பட்டறைக்காரன்:

நாவற்குழி ஐயா சொன்னது சத்தியம். இங்கே வேப்ப மரத்தில் கீல் அடித்தவர்களுக்கும் அதே கதைதான்.

அக்கா, மேட்டைக் கேட்டது இதற்காகத்தான். சாத்தினால் கேட் பள்ளத்தில் நிற்கிறது. திறந்தால் அதன் முனை மேட்டுக்குப் போகிறது. ஐந்து இன்ச் மேட்டைத் தாண்டவேண்டும் என்றால் கேட்டின் அடியில் ஆறு இன்ச் சந்து விடவேண்டும். சாத்தியிருக்கும்போது அந்த ஆறு இன்ச்சில் நாய் போகும், கீரி போகும், ஆட்டுப்பட்டி அண்ணனுடைய குட்டி குடும்பத்தோடு போகும். இடைக்கம்பி போட்டும் புண்ணியம் இல்லை.

உள்மேட்டை வெட்டலாம், ஆனால் எலுமிச்சை வேர் போய்விடும். மழைக்கு மண் திரும்பவும் சரிந்து வரும். அதைவிட நல்லது, கேட் கோட்டில் தரையை உயர்த்துவது. இரண்டு தூணுக்கும் நடுவில் நாலு இன்ச் உயரத்துக்குக் கான்கிரீட் வரம்பு, அது தடத்துப் பக்கம் மூன்றடிக்குச் சரிவாக இறங்கட்டும், ஸ்கூட்டி சிரமமில்லாமல் ஏறும். தூணை ஒட்டி வரம்புக்கு அடியில் மூன்று இன்ச் பைப் ஒன்று போட்டுவிடுங்கள், உள்ளே விழுகிற மழைத்தண்ணீர் வெளியே போகவேண்டாமா. இப்போது மேடு ஒரு இன்ச்தான் மிச்சம். கேட்டின் அடியில் இரண்டு இன்ச் விட்டால் போதும், முழுசாகத் திறந்தாலும் ஒரு இன்ச் இடைவெளி இருக்கும். கேட் உயரத்தை வரம்பின் மேல் மட்டத்திலிருந்து கணக்கு வையுங்கள், பழைய மண்ணிலிருந்து அல்ல.

அகலக் கணக்கு. பூச்சு முடிந்து இரண்டு தூணும் தூக்காக நின்றால் மேலும் கீழும் ஒரே அளவு, 2400 மில்லிமீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அது 7 அடி 10½ இன்ச். கீல் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 12 மில்லிமீட்டர், நடுவில் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் 10. மொத்தம் 34 போனால் மிச்சம் 2366. இதுதான் இரும்பு. இதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

ஒரே கதவாக எட்டடி வேண்டவே வேண்டாம். அத்தனை கனமும் ஒரு தூணில் தொங்கும், செங்கல் தூண் தாங்காது. சரிபாதியாகவும் பிரிக்காதீர்கள். நாலடிக் கதவு ஒன்றைத் தினமும் ஸ்கூட்டிக்காக இழுப்பதா? சின்னது 915, பெரியது 1451 என்று பிரியுங்கள். சின்னது மூன்றடி. ஸ்கூட்டி போகும், மண் தள்ளுவண்டி போகும், இடுப்பில் எருக்கூடையோடு நீங்களும் இடிக்காமல் போகலாம். நாளைக்கு வீட்டில் யாருக்காவது சக்கர நாற்காலி வந்தாலும் 900 மில்லிமீட்டர் வழி இருந்தால் போய்வரலாம். பெரிய கதவு வருஷத்தில் இரண்டு நாள் திறந்தால் போதும்.

பெரிய கதவு 40க்கு 40 சதுர டியூப், 2 மில்லிமீட்டர் கனத்தில் சட்டம், உள்ளே 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி. இடைக்கம்பியோடு நாற்பது கிலோவைத் தொடும். மூன்று கீல் போடச் சொல்லுங்கள். கீழ்ப்பாதிக்குத் தகடு அடிக்கலாமா என்று கேட்பார்கள். பதினாறு கேஜ் தகடு என்றால் இன்னும் பன்னிரண்டு கிலோ ஏறும், ஆடிக் காற்றும் அதன்மேல்தான் மோதும். உங்கள் ஊர்க் காற்றுக்குக் கம்பியே நல்லது.

கீல் எங்கே வைக்கிறார்கள் என்பதைக் கூடவே நின்று பாருங்கள். தூண் கனத்தின் நடுவில் வைத்தால் கதவு தொண்ணூறு டிகிரியில் நின்றுவிடும். திறந்த கதவும் வழியிலேயே நிற்பதால் பக்கத்துக்கு இரண்டு இன்ச் போய்விடும். 7 அடி 10½ இன்ச் என்று நினைத்திருப்பீர்கள், வண்டிக்குக் கிடைப்பது ஏழரைதான். தோட்டத்துப் பக்க விளிம்பில் வைத்தால் கதவு முழுக்க மடங்கி வேலியோடு ஒட்டும், முழு வழியும் கிடைக்கும்.

டாடா ஏஸ் அகலம் 1500 மில்லிமீட்டர், ஐந்தடிக்கு ஒரு இன்ச் கம்மி. கண்ணாடி தனி. நேராக வந்தால் தாராளம். ஆனால் 11 அடித் தடத்தில் திரும்பி வரவேண்டுமே. அதைக் காகிதத்தில் கணக்குப் போடாதீர்கள். அடுத்த தடவை ஏஸ் வரும்போது, பூசின தூண் எங்கே நிற்குமோ அங்கே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு டிரைவரைத் திருப்பச் சொல்லுங்கள். செங்கல் நசுங்கினால் தூண் நசுங்கும்.

ஆட்டுப்பட்டி:

என் குட்டியை ஏன் அண்ணா இழுக்கிறீர்கள்? அது நல்ல குட்டி.

கிளுவைவேலி:

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன். கேட் நின்றுவிட்டது.

பூச்சுக்குப் பிறகு 2398 வந்தது. பட்டறைத் தம்பியை வண்டிக்காசு கொடுத்து வரவழைத்து, அவர் கையாலேயே அளக்க வைத்தேன். முதலில் சலித்துக்கொண்டார், மட்டக்குழாயைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். ஏஸ்காரர் பின்பக்கமாக வந்தால்தான் திரும்புகிறது. முன்பக்கமாக வந்தபோது செங்கல் நசுங்கியது, பின்பக்கமாக வந்தபோது தப்பியது. அதனால் எருவைக் கொட்டவும் வசதிதான்.

வரம்பு போட்டதில் ஸ்கூட்டி லேசாகத் தூக்கிப்போடுகிறது, பழகிவிட்டது. ஆடுகள் இரண்டு நாள் வந்து கேட்டருகே நின்று பார்த்தன. மூன்றாம் நாளிலிருந்து கிழக்கு வேலியில் ஓட்டை தேடுகின்றன.

ஒரே ஒரு குறை. பெரிய கதவின் தாழ்ப்பாள் கம்பி இறங்குவதற்கு வரம்பில் ஒரு குழி விட்டிருந்தோம். அதில் மண் அடைந்து கம்பி பாதிதான் இறங்குகிறது. வாரம் ஒரு தடவை கரண்டிக் காம்பால் தோண்டுகிறேன்.

பட்டறைக்காரன்:

அதை நான் சொல்லாமல் விட்டது என் தப்பு அக்கா. முக்கால் இன்ச் பைப்பில் ஒரு துண்டு வெட்டி அந்தக் குழியில் பதியுங்கள். அடி மூடியிருக்கக்கூடாது, பைப்புக்குக் கீழே ஒரு சாண் தோண்டி ஜல்லி போடுங்கள், விழுகிற மண் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கரண்டிக்கு ரெஸ்ட் கொடுங்கள்.